பாதி விலைக்கு வாங்கிய காரணம்

கடந்த ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குத் தனியாகச் சென்றிருந்தேன். பருப்பும் சோப்பும் வாங்கிக்கொண்டு திரும்புகையில், வாசலோரம் செடி அடுக்கின் அருகே நின்ற பணிப்பெண் என்னை மறித்தாள்.

"உங்க கூட ஒரு ஐயா வருவாருல்ல... எங்கங்க அவரு? ஆளையே காணும். அவருக்குன்னே வாடுனதையெல்லாம் தனியா எடுத்து வச்சிருக்கேன்."

"அவரு கோயமுத்தூருக்குப் போயிட்டாரும்மா. மவன் கூட இருக்காரு."

"அப்ப இதெல்லாம் குப்பைக்குத்தான் போவும்" என்றாள்.

செடிகளைத்தான் சொன்னாள். ஆயினும் எனக்குச் சுருக்கென்றது.

அந்த ஐயா என் நண்பர் தருமலிங்கம். அரியலூரில் என் வீட்டுக்கு எதிர் வீடு. சிமென்ட் ஆலை ஒன்றில் லாரிகளுக்கு எடை போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு மனைவியை இழந்தார். ஒரே மகன் செந்தில், கோயம்புத்தூரில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். அம்மாவின் காரியம் முடிந்த அன்றிலிருந்தே அப்பாவை அழைத்துக்கொண்டிருந்தான்.

"தனியா எதுக்குப்பா கெடக்குறீங்க? இங்க வந்துருங்க."

நல்ல பிள்ளை. மருமகளும் நல்லவள். சிக்கலே அங்குதான் தொடங்கியது! கெட்ட பிள்ளை அழைத்தால் முகத்துக்கு நேரே மறுத்துவிடலாம். நல்ல பிள்ளை அழைத்தால்..? தகுந்ததொரு காரணம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பக்கத்துக் குடியானவர்களிடம் அப்படிப்பட்ட காரணம் ஒன்றே ஒன்று உண்டு. "மாடு கட்டிக் கெடக்கு." கல்யாணமா, காதுகுத்தா, மகளின் பேறுகாலமா — மாடு இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் சம்பந்திகூட வற்புறுத்த மாட்டார். புருஷன் போனால் மனைவி இருப்பாள். மனைவி போனால் புருஷன் இருப்பார். யாரும் தவறாக எண்ணுவதில்லை. 'எனக்கு என் வீட்டில் படுத்தால்தான் தூக்கம் வரும்' என்று சொல்லிப் பாருங்கள்... அது பிடிவாதம். 'மாடு இருக்கிறது' என்றால் அது கடமை.

தருமலிங்கத்திடம் மாடு இல்லை. டவுனில், இரண்டு சுவர்களுக்கு நடுவே, மாட்டை எங்கே கட்டுவது?

ஆகவே அவர் செடி வாங்கினார்.

ஞாயிறுதோறும் என்னையும் இழுத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறுவார். அந்தக் கடைக்கு ஓசூர்ப் பக்கத்திலிருந்து வேனில் செடிகள் வந்து இறங்கும். உள்ளங்கை அகலத் தொட்டி. மண்ணுக்குப் பதிலாகத் தேங்காய் நார்த்தூள். கண்ணைப் பறிக்கும் பூ. ஏசிக் காற்றில் சில நாட்கள் நின்றதும் இலை துவளும். துவண்டதும் பாதி விலைச் சீட்டை ஒட்டிவிடுவார்கள். நம்மவர் அந்தச் சீட்டு ஒட்டியவற்றை மட்டுமே எடுப்பார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்யா, ஜெயங்கொண்டம் ரோட்டுல நல்ல நர்சரி இருக்கு. அங்க வாங்குனா தெடமா வரும். இத்தன தூரம் பஸ்ல வந்து சாவக் கெடக்குறதத்தான் வாங்கணுமா?"

"நர்சரிச் செடி நம்மள நம்பி இருக்காதுய்யா" என்றார் அவர். "அது பாட்டுக்கு வளந்துரும். எப்பயோ ஒரு மழ பேஞ்சாப் போதும். இதுதான்... நாம இல்லன்னா செத்துரும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கஞ்சத்தனம் என்று நான் எண்ணியிருந்தது கஞ்சத்தனம் அன்று. அவருக்கு வேண்டியது செடி அன்று, நோயாளி!

திரும்பும் பஸ்ஸில் மடி நிறையத் தொட்டிகளோடு அமர்ந்திருப்பார். "தாத்தா, இதுக்கெல்லாம் அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்று கண்டக்டர் ஒருவர் சீண்டுவார். "எல்லாம் ஆஸ்பத்திரி கேஸுப்பா. இலவசம்" என்பார் இவர். பஸ்ஸே சிரிக்கும்.

வீட்டின் பின்புறம் தொட்டிகளால் நிறைந்தது. ரோஜா, செவ்வந்தி, பெயர் தெரியாத வெளிநாட்டுச் செடிகள். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிவிடும் தூசியை ஈரத்துணியால் இலை இலையாகத் துடைப்பார். காலை, மதியம், மாலை என்று தண்ணீர் ஊற்றுவார். மகன் போன் செய்தால் குரலில் ஒரு மிடுக்கு வந்துவிடும்.

"செடிய யாருடா பாக்குறது? ஒரு நேரம் தண்ணி இல்லன்னா போயிரும்டா. அடுத்த மாசம் பாப்பம்."

அடுத்த மாதம்... அதற்கடுத்த மாதம்... காரணம் நன்றாகவே வேலை செய்தது.

ஆனால் செடிகள் வேலை செய்யவில்லை. வாரத்துக்கொன்று பட்டுப்போயிற்று. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேர் கறுத்து நாறும். "தண்ணிய கொறைய்யா. வேரு அழுவுது" என்று நான் சொன்னால், "இந்த வெயிலுக்குத் தாகமா இருக்காதா?" என்று என்னையே முறைப்பார். ஒவ்வொரு தொட்டி காலியாகும்போதும் அவர் முகத்தில் கிலி படரும். பின்புறம் வெறுமையானால் மகனிடம் என்ன சொல்வது? "ரெண்டு போயிருச்சுய்யா. வா, பெரம்பலூர் போவம்." இப்படியே அவர் தம் இருப்பைப் பாதி விலையில் புதுப்பித்துக்கொண்டிருந்தார்.

சென்ற மாதம் செந்தில் வந்தான். கையில் ஓர் அட்டைப்பெட்டி.

அப்பா செடிக்காகத் தவிக்கிறார் என்று அவன் மெய்யாகவே நம்பியிருந்தான், பாருங்கள்! நாள் முழுவதும் குனிந்து, தொட்டிக்குத் தொட்டி மெல்லிய சொட்டுக் குழாய் பதித்தான். குழாயடியில் சிறு டப்பா ஒன்று. அதற்குள் சிம் கார்டாம். எத்தனை நிமிடம் தண்ணீர் விடவேண்டும் என்பதை அவன் தன் செல்போனிலேயே சொல்லிவிடுவானாம்.

"இனிமே ஒங்களுக்குக் கவலையே இல்லப்பா" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றான். என்ன பூரிப்பு அந்த முகத்தில்!

தருமலிங்கம் டப்பாவைப் பார்த்தார். "கரண்டு போனா?"

"பேட்டரி இருக்குப்பா."

"டேங்குல தண்ணி தீந்துட்டா?"

"மாமா மோட்டாரு போட்டு விட்டுருவாரு. என்ன மாமா?"

மாமா என்றது என்னை. நான் என்ன செய்வேன்? தலையசைத்தேன். தருமலிங்கம் என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் காலை வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு மகனின் காரில் ஏறினார்.

அதன்பின் நடந்ததைச் சொல்லவே கசக்கிறது. செடிகள் தழைத்துவிட்டன. அளவான தண்ணீர் கண்டதும் ஒவ்வொன்றும் துளிர்த்தது. அவர் நாள் தவறாமல் காத்திருந்தும் பூக்காத ரோஜா, பூட்டிய வீட்டின் பின்புறத்தில் கொத்துக் கொத்தாய்ப் பூத்து நிற்கிறது. பறிக்க ஆள் இல்லை.

கடந்த ஞாயிறு, பெரம்பலூரிலிருந்து திரும்பி, அந்த வீட்டு மோட்டாரைப் போடச் சென்றேன். அங்கு நிற்கும்போது போன் வந்தது. தருமலிங்கம்தான். நலம் விசாரிக்கவில்லை, சாப்பாடு பற்றிக் கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஏதாச்சும் வாடுதாய்யா?"

சுற்றிலும் பார்த்தேன். ஓர் இலைகூடப் பழுத்திருக்கவில்லை. அந்தக் குரலில் இருந்த ஆசையை என்னவென்று எழுதுவேன்? எதையாவது வாடச் சொல்லுங்கள் என்று இறைஞ்சுவது போலிருந்தது. பொய் பேசுவதை அறவே வெறுப்பவன் நான். இருந்தும் சொன்னேன்.

"வாடுதுய்யா. ரோசா ரெண்டும் தல தொங்கிருச்சு. ஒன் கை பட்டாத்தான் தேறும் போல."

"பாத்தியா!" அவர் குரல் குதித்தெழுந்தது. "நான் அப்பயே சொன்னேன். டப்பாவுக்கு என்னாய்யா தெரியும்? டேய் செந்திலு, கேட்டியாடா? செடியெல்லாம் போவுதாம்டா! நான் காலைல மொத பஸ்ஸுக்கே கெளம்புறேன்..."

போன் கை மாறியது. செந்தில் பேசினான். அக்கறை வழியும் குரல்.

"மாமா, வாடுதுன்னா தண்ணி பத்தலன்னு அர்த்தம். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. இங்கேருந்தே கூட்டி விட்டுர்றேன்."

பின்னால் தருமலிங்கத்தின் குரல் கேட்கிறதா என்று உற்றுக் கேட்டேன். கேட்கவில்லை.

மறுநாள் காலை அந்தக் குழாய் வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து அரியலூருக்குத் தண்ணீர் வந்துவிடுகிறது, அன்பர்களே... ஆள் வருவதற்குத்தான் வழியில்லை.