என் காலடியில் இன்னொரு பிறேக்

கார் பழக்குகிற தொழிலில் உயிர் போவது அபூர்வம்; தொண்டைத் தண்ணீர் வற்றுவதுதான் தினசரி.

தொண்ணூறுகளில் ரொறன்ரோவுக்கு வந்திறங்கிய சகோதர சகோதரிகளே, இந்த ஊரில் எப்படிக் குடியேறுவது என்று உங்களுக்குப் புத்தி சொல்ல ஆள் பஞ்சம் இருந்திராது. என்ன சப்பாத்து வாங்குவது, எத்தனை உடுப்பை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது என்று விமான நிலையத்திலேயே தொடங்கியிருப்பார்கள். ஆனால் பார்க்டேல் மாடிக் குடியிருப்பில் நெருக்கியடித்து இருந்துவிட்டு, நகர ஓரத்து மில்லிக்கன் பக்கம் ஒரு வீட்டுக்குப் போன பிறகுதான் உங்களுக்கு ஒன்று விளங்கியிருக்கும். அங்கே பஸ்ஸுக்கு நின்றால் முதலில் மூக்கு விறைக்கும், பிறகுதான் பஸ் வரும். அப்போது என்னைத் தேடி வந்திருப்பீர்கள். என் காரில் இடது பக்கம் மாணவர், வலது பக்கம் நான், என் காலடியில் உபரியாக ஒரு பிறேக். அந்த இடத்தில் இருந்து கண்டதில் சில புத்திமதிகளைத் தருகிறேன். நீங்கள் கேட்டு நடப்பீர்கள் என்று நம்பியல்ல, என்னோடு சேர்ந்து பட்டவர்கள் என்ற உரிமையில்.

எந்தக் கதவு என்று முதலில் பாருங்கள்

சிவபாதம் அண்ணை யாழ்ப்பாணத்தில் லொறி ஓடியவர். "எனக்குப் பழக்கத் தேவையில்லைத் தம்பி, லைசென்ஸ் ரெஸ்றுக்குக் கொண்டுபோய் விட்டாப் போதும்" என்று ரெலிபோனிலேயே சொல்லிவிட்டார். நான் அவருடைய அப்பார்ட்மென்ற் வாசலில் காரை நிறுத்தி, இறங்கி, கார்க் கூரையில் 'மாணவர்' என்று எழுதிய பலகையைச் சரிபார்த்துக்கொண்டு நின்றேன். அவர் விறுவிறென்று வந்து, ஊர்ப் பழக்கத்தில் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறிக் குந்தினார். கதவைச் சாத்தினார். கண்ணாடியில் தலைமயிரைச் சரிசெய்தார்.

உள்ளே இருந்து சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். மனிதர் காலால் கீழே துழாவி என் பிறேக்கைக் கண்டுபிடித்துவிட்டார். அதனால், தான் இருப்பது சாரதியின் இடம்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கண்ணாடியை இறக்கி, தணிந்த குரலில் என்னிடம் சொன்னார்: "தம்பி, பதறாதையும். பிறேக் கிடக்கு, ஸ்ரியறிங்கை ஆரோ கழட்டிக்கொண்டு போட்டாங்கள்."

கணவரைப் பின் சீற்றில் ஏற்றாதீர்கள்

மனைவி பழகுகிறார் என்றால் கணவர்மார் தாங்களும் வருவோம் என்று பின்னால் ஏறிவிடுகிறார்கள். பாதுகாப்புக்காம். இப்படி ஒருவர் ஏறினார். அவரிடம் லைசென்ஸ் இல்லை, ஆனால் கருத்து இருந்தது. வீதியில் இறங்கிய நேரம் தொடக்கம் "சிக்னல், சிக்னல்", "உவன் வாறான் பார்", "பிறேக்கைப் பிடி" என்று ஓயாத வர்ணனை. இரண்டு பிறேக் உள்ள காரில் மூன்றாவது பிறேக்கும் ஏறிக்கொண்டால் வண்டி எப்படி நகரும்?

அந்தத் தங்கச்சி சிக்னல் போட்டார், கண்ணாடி பார்த்தார், தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தார், பஸ் தரிப்பைத் தாண்டி ஓரமாக அழகாக நிறுத்தினார். அதுவரை அவர் அவ்வளவு திறமாக நிறுத்தியதே கிடையாது. பிறகு இறங்கிப்போய்ப் பின் கதவைத் திறந்துவிட்டுச் சொன்னார்: "இறங்குங்கோ. உதையெல்லாம் பஸ் ரைவருக்குச் சொல்லிக்கொண்டு வாங்கோ."

ராகுவுக்கு எந்த ஊர் நேரம்?

சிவபாதம் அண்ணைக்கு ரெஸ்ற் நாள் வந்தது. அந்த நேரம் ராகுகாலமாம். மாற்றச் சொல்லி நின்றார். மாற்றினால் அடுத்த நாள் எப்போது கிடைக்குமோ தெரியாது என்றேன். கோடை வருகிறதென்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவைத்த கிழமை அது. "சூரியனைக் கேட்டோ இவங்கள் மணிக்கூட்டைத் தள்ளினவங்கள்?" என்று வழி முழுக்கக் கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தார். கிரகங்களோடு வாதாட எனக்கு லைசென்ஸ் இல்லை.

பாஸ் பண்ணிவிட்டார். சந்தோஷத்தில் அங்கிருந்தே றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் விடச் சொன்னார். வழியில் நான் சும்மா இராமல், அப்படியானால் ராகுகாலத்தில் செய்தாலும் பலிக்கும்தானே என்று கேட்டேன். அண்ணை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, கனடாவில ராகுவும் அகதிதானே. வந்த புதிசில அவனும் அடங்கித்தான் இருப்பான்."

நாலு பக்கமும் நிற்கிற சந்தி

இனித் தவமணி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு ஆள், மில்லிக்கனில் வீடு. கணவருக்குச் சிறுநீரகம் பழுது. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மெசினில் இரத்தம் சுத்தப்படுத்த வேண்டும். பஸ்ஸில் இரண்டு இடத்தில் மாற வேண்டும். திரும்பி வரும்போது அந்த மனிதரால் நிற்கவே முடியாது. அயலவர்களும் சொந்தக்காரரும் மாறி மாறி ஏற்றிப் போனார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ரெலிபோனை எடுக்கும்போது கை கூசுகிறதென்று அக்கா முதல் நாளே சொன்னார். பனிக்காலத்துக்கு முன் லைசென்ஸ் எடுத்துவிட வேண்டும். அதுதான் அவருடைய ஒரே நோக்கம்.

கை நல்ல கை. பதற்றமில்லை. ஒரே வில்லங்கம், நாலு பக்கமும் ஸ்ரொப் சைன் உள்ள சந்தி. முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது சட்டம். அக்கா முதலில் வந்தாலும் போக மாட்டார். எல்லோருக்கும் கை காட்டி வழிவிடுவார். அவர்களும் இவருக்குக் கை காட்டுவார்கள். பின்னால் கார்கள் சேரும். பந்தி பரிமாறுவது போல அக்கா விடாமல் உபசரிப்பார். ஒருநாள் நான் பொறுமை இழந்து, உங்களுடைய முறை வந்தால் போங்கள் அக்கா, அது உங்கள் உரிமை என்று கத்தியே விட்டேன். அவர் கோபிக்கவில்லை. "அந்தப் பிள்ளைக்கு வேலைக்கு நேரம் போகுதாக்கும் தம்பி. நமக்கென்ன, நாம பிறகு போவமே."

யாரும் கேட்காமல் இறங்காதீர்கள்

அக்காவின் ரெஸ்ற் ஒரு பின்னேரம். இருட்டத் தொடங்கியிருந்தது. சோதிக்கிற அதிகாரி காரில் ஏறிப் போக, நான் லைசென்ஸ் கந்தோரில் கோப்பியும் கையுமாக இருந்தேன். அக்கா பாஸ் பண்ணுவார் என்று நான் என் மனைவியிடம் பந்தயம்கூடக் கட்டியிருந்தேன். கார் திரும்பி வந்தது. ஓட்டிவந்தவர் அதிகாரி.

நடந்தது இதுதான். எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கிறது. சந்தியில்கூடத் தன் முறைக்குப் போயிருக்கிறார். திரும்பி வரும்போது பின்னால் ஒரு பொலிஸ் கார், வெளிச்சம் சுழல, சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. வேறெங்கோ அவசரமாகப் போகிற கார். அக்கா ஓரமாக நிறுத்தினார். சரியான செய்கை. அதற்குப் பிறகு முன் லைற்றை அணைத்து, உள் லைற்றைப் போட்டு, இறங்கி, கைப்பையிலிருந்த அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வீதிக்கரையில் நின்றார். அதிகாரியையும் இறங்கச் சொல்லிக் கை காட்டினார். பொலிஸ் கார் எப்போதோ கடந்து போய்விட்டது. அக்கா நின்றுகொண்டே இருந்தார்.

அதிகாரி நல்ல மனிதர். மெல்ல ஏற்றி இருத்திக் கொண்டுவந்தார். "நன்றாகத்தான் ஓட்டினார், ஏன் இறங்கினார் என்றுதான் விளங்கவில்லை" என்றார். எனக்கு விளங்கியது. ஊர்ச் சோதனைச் சாவடிகளில் பொலிஸுக்கும் ஆமிக்கும் முன்னால் இறங்கி நின்ற எங்கள் எல்லோருக்கும் விளங்கும். வீட்டுக்குப் போகிற வழியில் நான்தான் ஓட்டினேன். அக்காதான் பேசினார்: "அவங்க கேக்க முந்தி நாம இறங்கி நிண்டா, கொஞ்சம் மரியாதையாக் கதைப்பாங்க தம்பி. அந்த ஞாபகம் வந்திற்று."

கோப்பிக் கடைப் பக்கம் போய்ப் பாருங்கள்

இதற்குப் பாடப் புத்தகத்தில் பாடம் இல்லை. நான் ஒன்றை யோசித்தேன். ஒரு பிளாசாவில் கோப்பிக் கடை, காலையில் அதன் முன் எப்போதும் ஒன்றிரண்டு பொலிஸ் கார் நிற்கும். இனி நமக்கு வகுப்பு அங்கேதான் என்றேன். முதல் நாள் அக்கா அந்தப் பக்கம் திரும்பவே மறுத்தார். பிறகு தூரத்தில் நிறுத்தினார். பிறகு கொஞ்சம் கிட்ட. கடைசியில் ஒருநாள் பொலிஸ் காருக்குப் பக்கத்து இடத்திலேயே கொண்டுபோய்ச் செருகினார். கோடு பிசகவில்லை.

அந்த நேரம் பார்த்து, கையில் கோப்பியோடு ஒரு பொலிஸ்காரர் எங்கள் காரை நோக்கி நடந்து வந்தார். அக்காவுடைய கை சீற் பெல்ற்றின் பொத்தானுக்குப் போனது. அங்கே என் பிறேக்கால் ஒன்றும் ஆகாது. அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு திரும்பி ஸ்ரியறிங்கைப் பிடித்தது. அக்கா கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

கூரையில் இருக்கிற மாணவர் பலகை சரிந்து விழப் பார்க்கிறது என்று சொல்லத்தான் அவர் வந்தாராம். அக்கா நன்றி சொன்னார். பரவாயில்லை, நல்லாய்ப் பார்க் பண்ணினீர்கள் என்றுவிட்டு அவர் போனார். பலகையைச் சரியாகப் பூட்டாத குற்றம் என்னுடையது, ஆனால் அன்றைக்கு அதற்காக நான் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. அக்காவின் முகத்தில் வியர்வை. கண் மட்டும் பளபளத்தது. "பாத்தீங்களா தம்பி? அவர் நிண்டுகொண்டு கதைச்சார். நான் சீற்றில இருந்துகொண்டு கதைச்சன்."

முறை வந்தால் போய்விடுங்கள்

முதல் பனி விழுவதற்குச் சற்று முன், அடுத்த ரெஸ்றில் அக்கா பாஸ் பண்ணினார். யாரோ சொந்தக்காரர் பழைய கார் ஒன்று பார்த்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு எனக்கு அக்காவோடு தொடர்பில்லை. பாஸ் பண்ணியவர்கள் எங்களை நினைக்க மாட்டார்கள். அதுதான் எங்கள் தொழிலின் வெற்றி.

தை மாதம், வீதியோரம் பனி குவிந்து கிடந்த ஒரு காலை. புது மாணவன் ஒருவனோடு, நான் அக்காவிடம் கத்திய அதே சந்திக்கு வருகிறேன். இடது பக்கத்தால் வந்து நின்றிருந்த காரில் தவமணி அக்கா. பக்கத்தில் கம்பளி சுற்றிய அவருடைய கணவர், கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தில் இரண்டு கையையும் ஆட்டி, போங்கோ போங்கோ என்று சைகை காட்டினேன். அக்கா என்னைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தார், நேராகப் போனார். ஸ்ரியறிங்கிலிருந்து கையைக்கூட எடுக்கவில்லை.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்றது, ஒளிப்பானேன். அன்று பின்னேரம் ரெலிபோன் வந்தது. கணவரை ஆஸ்பத்திரியில் விட்டு, காத்திருந்து, கூட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். பனியில் ஒரு இடத்தில் சறுக்கியதாம், நான் சொல்லித் தந்தபடி பிறேக்கை மிதிக்காமல் சமாளித்தாராம். காலையில் ஏன் ஒரு தலையாட்டல்கூட இல்லை என்று கேட்டேன். அக்கா சிரித்தார். "கண்டன் தம்பி. ஆனா நீங்க பிந்தித்தானே வந்தீங்க. என்ட முறை, நான் போனன்."

ஒரு ஊரில் குடியேறி முடிந்ததற்கு என் தொழிலில் இதைவிட வேறு அத்தாட்சி கிடையாது. எனக்குத்தான் இன்னும் குடியேறி முடியவில்லை போலிருக்கிறது, வீட்டுக் காரை மனைவி ஓட்டும்போது இல்லாத பிறேக்கைத் தேடி என் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே வருகிறது.