கேட்காமல் வெட்டிய தலை

கிள்ளானில் மூன்று லோரிக்குச் சொந்தக்காரரான சின்னையா, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மீனலோசனிக்கு ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து ரிங்கிட், கடன்பட்டிருந்தார். மூன்றாம் வகுப்போடு நின்ற மனுஷன், தொண்ணூற்றெட்டாம் வருஷம் கணினி வாங்கி, தானே தட்டப் பழகி, இணையத்தில் ஆறு பேரோடு சேர்ந்து ஒரே கதையை எழுதினார் என்றால் சும்மாவா! ஆளுக்கொரு பாத்திரம். அவர் ராஜா, மீனலோசனி மருத்துவச்சி. அடுத்தவர் பாத்திரத்தைக் கேட்காமல் தொட்டால் ஐந்து வெள்ளி அபராதம். அந்தச் சட்டத்தைப் போட்டவரே சின்னையாதான்.

ஒருநாள் எழுதுகிற வேகத்தில் ராஜா மருத்துவச்சியின் தலையை வெட்டிவிட்டார். மற்றவர்கள் சபாஷ் போட்டார்கள். மீனலோசனி மட்டும், "என்னைக் கேட்டீங்களா அண்ணே? கேக்காத இடத்துல நான் எழுத மாட்டேன்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் இல்லாமல் கதை படுத்துவிட்டது. ஆனாலும் அந்தப் பிடிவாதம் அவருக்குப் பிடித்திருந்தது. முதல் லோரி வாங்கியபோது அவருக்கும் அதே பிடிவாதம்தானே! நேரில் பார்க்கலாமா என்று முறையாகக் கேட்டு, அவள் சொன்ன தெருவோர ஒட்டுக்கடைக்குப் போனார்.

"வெட்டினதை அழிச்சிட்டேன்லா. மருத்துவச்சி திரும்பி வரலாமா?"

"வரலாம். அபராதம் எங்க, ராஜா?"

"சட்டம் போட்டவன்கிட்டயே வசூலா!"

சிரித்துக்கொண்டே, அவள் நீட்டிய உள்ளங்கையில் ஒவ்வொரு வெள்ளியாக ஐந்தையும் எண்ணி வைத்தார்.