வாவுபலிக்கு நான் கொடுத்த பெயர்

அப்பாவின் அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஆடி அமாவாசைக்குக் குழித்துறை ஆற்றங்கரையில் வாவுபலி இடும்போது, இறந்துபோன முன்னோர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித்தான் எள்ளும் சோறும் வைப்பாள். அவளுடைய அப்பாவின் அப்பா பெயர் மட்டும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. "பேரு சொல்லி விளிச்சாத்தானே மக்கா வருவாரு? பாவம், எத்தன வருசமா பட்டினி கெடக்காரோ" என்பாள்.

நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன். மலையாளம் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அந்தத் தலைக்கனத்தில் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறினேன். ஆவணக் காப்பகத்தில் சமஸ்தான காலத்து மக்கள் கணக்கு ஏடு கிடைத்தது. எங்கள் ஊர், எங்கள் வீட்டுப் பெயர். முதலில் ஒரு ஆண், அடுத்து ஒரு பெண், கீழே பிள்ளைகள். கடைசிப் பிள்ளை அத்தையின் அப்பா. வேறென்ன வேண்டும்? முதல் பெயரைக் குறித்துக்கொண்டு, பக்கத்தைப் போனில் படமெடுத்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்கு ஓடினேன்.

அந்த ஆடியில் அத்தை அந்தப் பெயரைச் சொல்லிப் பலியிட்டாள். காக்கை வந்து சோற்றைத் தொட்டதும் அழுதுவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் வாட்ஸப்பில் வம்சாவளி அனுப்பினேன்.

பிறகு ஒருநாள், கை சும்மா இராமல் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் உறவுமுறைக்கென்று ஒரு பத்தி இருந்தது. பெண்ணுக்கு நேரே 'தங்கை'. பிள்ளைகளுக்கு நேரே 'மருமக்கள்'. மருமக்கள்வழி வீட்டில் தாய்மாமன்தானே காரணவர், குடும்பத் தலைவர்; அவருக்கு வாரிசு தங்கை பிள்ளைகள்தானே! இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த நாஞ்சில்நாட்டுக்காரன் நான். அண்ணனையும் தங்கையையும் புருஷன் பெண்டாட்டி ஆக்கி ஊருக்கே அனுப்பியிருக்கிறேன். அந்தத் தங்கையின் கணவர் தன் தாய்வீட்டுக் கணக்கில் அல்லவா இருப்பார், அது எந்த ஊர் ஏடோ? மறுபடி மூன்று தடவை போய், தோவாளைப் பக்கத்து ஏடுகள்வரை புரட்டினேன். ஆள் அகப்படவில்லை.

சரியான பெயர் கிடைத்ததும் அத்தையிடம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அது சால்ஜாப்பு என்று எனக்கே தெரியும். பயம், அவ்வளவுதான்.

இந்த வருடமும் நான்தான் கைபிடித்துப் படியில் இறக்கினேன். அத்தைக்கு இப்போது ஞாபகம் தடுமாறுகிறது. உருட்டிய சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் சொல்லுக பேரு சரிதானே மக்கா? வேற ஆருக்கும் போயிரப்பிடாது, பாத்துக்கோ."

"சரிதான் அத்தை, வையுங்கோ" என்றேன்.