என் கணவர் கட்டிய கார்

பெரிய லொறி ஒன்று விட்பி நகரில் எங்கள் வீட்டு வாசலில் நின்று ஒன்பது பெட்டிகளை இறக்கிய அன்று, நான் புதுக் கட்டில் வாங்கியிருக்கிறேன் என்றுதான் என் கணவர் நினைத்தார். நானும் மறுக்கவில்லை. பெட்டிகளைப் பிரித்தபோது இரும்புச் சட்டமும் சிவப்பு உடலும் இரண்டே இரண்டு இருக்கைகளும் வெளியே வந்தன.

"இது என்னப்பா?"

"கார்."

"மிச்சம் எங்கை?"

"நான்தான் பூட்டவேணும்."

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பொய்ப்பல் செய்யும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. அங்கே அரை மில்லிமீற்றர் பிசகினாலும் ஒருவருக்குச் சோறு மெல்ல முடியாமல் போய்விடும். பல்லைப் பொருத்துகிறவளுக்குச் சில்லைப் பொருத்த ஏன் முடியாது என்று ஒரு நாள் தோன்றியது. அவ்வளவுதான் காரணம். இரண்டு குளிர்காலம் கராஜிலேயே போனது. விபத்தில் நொறுங்கிய கார் ஒன்றின் எஞ்சினை வாங்கிப் பொருத்தினேன். பிரேக் குழாய்களை மூன்று தரம் கழற்றி மூன்று தரம் பூட்டினேன். இடையிடையே கதவைத் திறந்து "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டது கணவரின் பங்கு.

அவர் வீடு விற்கும் முகவர். வாய்தான் அவருடைய மூலதனம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடு வாங்க வந்த ஒருவரைத் தேநீருக்கு அழைத்து வந்தார். நான் கையிலிருந்த கிறீஸைக் கழுவ உள்ளே போன நேரம், வந்தவர் கராஜை எட்டிப் பார்த்திருக்கிறார்.

"அண்ணை, உந்தக் காரை நீங்களே கட்டுறியள்?"

"ஓம். நேரம் கிடைக்கேக்கை கொஞ்சம் கொஞ்சமாச் செய்யிறன்."

தேநீர்த் தட்டோடு கதவடியில் நின்று கேட்டேன். அப்போதே திருத்தியிருக்கலாம். ஆனால் இந்தப் பொய்யைக் கொஞ்சம் வளரவிட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. "சீனி போடவோ?" என்று மட்டும் கேட்டேன்.

பொய் நன்றாகவே வளர்ந்தது. கலியாண வீடுகளில் ஆண்கள் அவரைச் சுற்றி நின்று எஞ்சின் கதை கேட்டார்கள். ஒரு அன்ரி என் கையைப் பிடித்து, "பாவம் பிள்ளை நீர். மனுசன் கராஜே கதியெண்டு கிடந்தா என்ன செய்யிறது" என்றார்.

"பழகிப் போச்சு அன்ரி."

பரிசோதனை முடிந்து நம்பர்த் தகடு கிடைத்ததும், பூசைக்கு றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கொண்டுபோனோம். நான்தான் ஓட்டினேன். கோயிலுக்கு ஒரு தெரு முன்னால் அவர் மெல்லத் தொடங்கினார்.

"இஞ்சரும், இதிலையிருந்து நான் ஓடட்டோ?"

இடம் மாறினோம். கதவே இல்லாத அந்தக் காரில் சேலையோடு ஏறி இறங்குவதை நான் வீட்டிலேயே பழகியிருந்தேன். கோயிலில் இறங்கும்போது இன்னொரு வேலையும் செய்தேன். கள்ளருக்குப் பயந்து இருக்கைக்குக் கீழே ஒரு ஆளி, அதாவது சுவிட்ச், வைத்திருந்தேன். அதை நிறுத்தினால் பற்றறி வேலை செய்யாது. அவருக்கு அது தெரியாது. அதை நிறுத்திவிட்டு இறங்கினேன்.

ஐயர் சந்தனம் பூசி, நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அதற்குள் இருபது பேர் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பிறம்ரனில் லொறி திருத்தும் மெக்கானிக், அறுபதைத் தாண்டியவர். குனிந்து காரின் அடியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி, பிரேக் குழாயிலை நிக்கிற காத்தை வெளியிலை எடுக்கேக்கை எந்தச் சில்லிலை துவங்கினனீர்?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

"எல்லாத்திலையும்."

"ஒரே நேரத்திலையோ?"

"ஓம். நேரம் மிச்சம்."

மெக்கானிக் தாடையைத் தடவினார். "சரி, ஐயர் காத்துக்கொண்டு நிக்கிறார். ஸ்ராட் பண்ணும்."

கணவர் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடியும் திருப்பினார். மூன்றாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார். வியர்வையில் நெற்றிச் சந்தனம் கரைந்து மூக்குவரை வந்துவிட்டது. அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற எனக்கு, அந்த மூக்கைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து ஆளியைப் போட்டேன்.

"இப்ப திருப்புங்கோ."

எஞ்சின் உறுமியது. மெக்கானிக் என் நகங்களில் இருந்த போகாத கறுப்பைப் பார்த்தார்.

"தங்கச்சி, எந்தச் சில்லு?"

"பின் வலது. பிரேக் எண்ணெய்த் தொட்டியிலையிருந்து அதுதானே ஆகத் தூரம்."

"அதுதான் சரி."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கணவர் காரிலிருந்து இறங்கி, கூரை ஒழுகுவதைக் கடைசியில் ஒப்புக்கொள்ளும் வீட்டு முகவரின் குரலில் சொன்னார்: "நான் வீடு விக்கிறனான். காரைக் கட்டினது இவ." சுற்றிப் போய் மற்ற இருக்கையில் அமர்ந்தார். எலுமிச்சம்பழங்களை நசித்துக்கொண்டு நான் காரை வெளியே எடுத்தேன்.

நெடுஞ்சாலையில் லொறிச் சில்லுகள் எங்கள் காதளவுக்கு உருண்டன. அவர் இருக்கையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"ஆளியை நிப்பாட்டினது நீர்தானே?"

"ஓம்."

"நினைச்சனான்." பிறகு எஞ்சின் பக்கம் காதைச் சாய்த்தார். "உது என்ன, டங் டங் எண்டு ஒரு சத்தம்?"

"இந்தக் கார் அப்பிடித்தான்."

வீட்டுக்கு வந்து அவர் உடுப்பு மாற்றப் போனதும் பொனற்றைத் திறந்து பார்த்தேன். என் ஸ்பானர் ஒன்று ரேடியேற்றருக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைச் சேலை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போனேன். இன்றுவரை அவருக்குச் சொல்லவில்லை.