தொட்டியில் கட்டிய அறை

ஐம்பத்து நான்கு வயதுவரை செலினுக்குச் சொந்த வீடு என்று ஒன்று இருந்ததில்லை. பிறந்தது கோலார் தங்கவயலில், கம்பெனி கொடுத்த வரிசை வீட்டில். நர்ஸ் படிப்பு முழுக்க ஹாஸ்டல். மைசூருக்கு வேலைக்கு வந்து, டவுன் பஸ் கண்டக்டர் சூசைநாதனைக் கட்டிக்கொண்ட பிறகு வரிசையாக ஐந்து வாடகை வீடுகள். ஒன்றில் தண்ணீர் வராது. ஒன்றில் மீன் வறுத்தால் வீட்டுக்காரம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பாள். கைக்குழந்தை லிசாவோடு ஆறாவதாக வந்து சேர்ந்தது மண்டி மொஹல்லாவில், ஆட்டோ திரும்ப முடியாத ஒரு சந்தில் இருந்த பழைய தொட்டி மனை. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தேக்குத் தூண்கள், ஓடு வேய்ந்த தாழ்வாரம். அந்த முற்றத்தைத்தான் அங்கே தொட்டி என்பார்கள்.

ஒரு காலத்தில் ஒரே குடும்பம் இருந்த வீடு. இவர்கள் வரும்போது மூன்று குடித்தனமும் முன்பக்கம் ஒரு பிளாஸ்டிக் குடோனுமாகத் துண்டு போட்டிருந்தார்கள். செலினுக்குக் கிடைத்தது ஒரே அறை. கட்டில் போட்டால் கதவு திறக்காது. சூசைநாதன் பெங்களூரில் இருந்த வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்து, கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். லீவு நாட்களில் தானே ஹாலோ பிளாக் அடுக்கி, மேலே சிமென்ட் ஷீட் போட்டு, அந்தத் தொட்டியிலேயே ஓர் அறையை எழுப்பிவிட்டார். சுவர் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. கண்டக்டர் கட்டின சுவர் வேறெப்படி இருக்கும்?

அந்த அறையில் லிசா தவழ்ந்தாள், படித்தாள், பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். கையில் செல்போன் வந்த பிறகு சூசைநாதனுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் எங்கே ‘வீடு விற்பனைக்கு’ என்று போர்டு தொங்கினாலும் நின்று அந்த நம்பருக்குப் போன் போடுவார். கிழக்குப் பார்த்த வாசலா, காவேரித் தண்ணீர் வருமா, கார் நிறுத்த இடம் உண்டா என்று அட்வான்ஸைப் பையில் வைத்திருப்பவர் போலக் கேட்பார். நம்மிடம் சைக்கிள்கூட இல்லை, காரை எங்கே கொண்டு நிறுத்துவது என்று செலின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். உள்ளுக்குள் அவளுக்கும் அந்த வீடு வேண்டும். சிரித்ததெல்லாம் சும்மா.

நான்கு வருடத்துக்கு முன்னால், அப்படி ஒரு ஞாயிறு மதியம், அந்தச் சிமென்ட் ஷீட்டுக்குக் கீழே, அதே கட்டிலில் சூசைநாதனின் மூச்சு நின்றது. எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த கைகளால் செலின் அவர் நெஞ்சை அழுத்தினாள். ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து அவள் கைகளைப் பிரித்து எடுக்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

அவர் போய் இரண்டு வருடம் கழித்துத்தான் அந்தத் திட்டம் வந்தது. நல்ல காலம் எப்போதும் இப்படித்தான் யாரையாவது கழித்துவிட்டு வரும். அறக்கட்டளை ஒன்று அந்தச் சந்தின் பழைய வீடுகளை உரிமையாளர்களிடமிருந்து வாங்கி, கட்டிய காலத்தில் இருந்தபடியே செப்பனிட்டு, அங்கே வாடகைக்கு இருந்தவர்களுக்கே தவணையில் கொடுக்கப்போகிறது என்றார்கள். வீட்டைப் பார்வையிட ஆட்கள் வருகிறார்கள் என்றதும் சந்தே விழுந்தடித்துக்கொண்டு வீட்டை அழகுபடுத்தியது. சிவப்புச் சிமென்ட் தரைமேல் டைல்ஸ் ஒட்டினவர்கள் உண்டு. செலின் மூன்று நாள் லீவு போட்டு, நூறு வருடத்துத் தேக்குத் தூண்களுக்கெல்லாம் கிளிப்பச்சை எனாமல் அடித்து வைத்தாள். பார்க்க வந்த கட்டடப் பொறியாளர் நிர்மலா தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அழுதுவிடுவாள் போல நின்றாள். பழசு எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அவ்வளவுக்கு மதிப்பு என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள்? அடித்ததைச் சுரண்டி எடுக்க மூன்று மாதம் ஆயிற்று. செலின் டூட்டி முடிந்து வந்து உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள்.

பச்சையைச் சுரண்டியது போல மற்றது சுலபமாக இல்லை. ஒருநாள் நிர்மலா வரைபடத்தை விரித்தாள். முன்பக்கத்துக் குடோன் இரண்டு அறையாகிச் செலினுக்கு வரும். மற்ற இரண்டு குடித்தனங்களில், கிழக்குப் பக்கம் பசவராஜ் – நாச்சம்மாள் குடும்பத்துக்கு, மேற்கு வேலாயுதத்துக்கு. தொட்டி மூவருக்கும் பொது. தொட்டி இருந்த இடத்தில் வெறும் வெள்ளைச் சதுரம்தான் இருந்தது.

“ஆன்ட்டி, இந்த ரூம் ஒரிஜினல் ப்ளான்ல இல்லவே இல்ல. இத எடுக்கணும்.”

“ப்ளான்ல இல்லன்னா நாங்க இருபத்திரண்டு வருஷமா எங்கம்மா இருந்தோம்?”

அந்த அறையைக் கட்டியவர்கள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அது நின்றால் வீடு திட்டத்துக்குள் வராது, மூன்று குடும்பத்துக்கும் கிடைக்காது என்பதை மட்டும் நிர்மலா தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனாள்.

செலின் கையெழுத்துப் போடவில்லை. கடிதத்தை பைபிளுக்குள் வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். சொந்த வீட்டுக்காகவே வாழ்ந்த மனுஷன் கட்டின ஒரே வீடு அது. அதை இடித்துத்தான் சொந்த வீடு வாங்க வேண்டுமென்றால் அது என்ன வீடு? லிசா போனில் கோபித்துக்கொண்டாள். இதிலென்னம்மா யோசனை, ஷீட் கூரைதானே என்றாள். ஷீட் கூரைதான். ஆனால் இரவு டூட்டி முடிந்து வந்து படுத்ததும், ஆஸ்பத்திரியில் நடந்ததையெல்லாம் செலின் இன்றைக்கும் அந்தக் கூரையைப் பார்த்துத்தான் சூசைநாதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இதை மகளிடம் எப்படிச் சொல்வது?

பத்து நாள் ஓடிற்று. வேலாயுதம் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு போனார். பதினோராம் நாள் காலை நாச்சம்மாள் வந்தாள். ஹனூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். மார்க்கெட்டில் மஞ்சளும் வெற்றிலையும் விற்கிறவள். செலினிடம் ஒரு நாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. வாசல்படியில் உட்கார்ந்தாள்.

“அக்கா, ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ரூமக் கட்டறதுக்கு மின்ன அண்ணன் எங்க ஊட்டுக்கு வந்து கேட்டாருங்க. தொட்டிய மறைச்சா உங்க அடுப்படிக்கு வெளிச்சம் போயிருமே, பரவால்லயான்னு. பச்சக் கொழந்தைய வெச்சிக்கிட்டு நீங்க எங்கீங்க போவீங்க? செரின்னுட்டோம்.”

நாச்சம்மாள் தன் அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினாள்.

“அன்னிக்கிருந்து பகல்லயும் லைட்டப் போட்டுத்தானுங்க்கா சோறாக்கறேன். அண்ணன் இருந்தா நானே அவருகிட்டக் கேட்டிருப்பேன். இப்ப உங்ககிட்டக் கேக்கறேன்.”

இருபத்திரண்டு வருடமாக அந்த அடுப்படியில் பகலில் எரியும் பல்பைச் செலின் பார்த்திருக்கிறாள். கரண்டை இப்படி வீணடிக்கிறாளே என்று மனதுக்குள் திட்டியும் இருக்கிறாள். அந்த வெளிச்சத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தது தன் வீடுதான் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. சூசைநாதனும் சொன்னதில்லை, சொன்னால் இவள் அந்த அறையில் நிம்மதியாகப் படுத்திருக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். செலினுக்கு வெட்கமாக இருந்தது. நாச்சம்மாளுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, அவள் குடித்து முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டாள்.

இடித்த அன்று அவள் லீவு எடுக்கவில்லை. வேலை முடியப் பதினான்கு மாதம் ஆயிற்று. அதுவரை ஏழாவதாக இன்னொரு வாடகை வீடு. பிறகு ஒரு நாள் சாவியும் பத்திரமும் கைக்கு வந்தன. வீட்டுவரிக் கந்தாய ரசீதில் அவள் பேர் அச்சாகி இருந்தது. தெருவைப் பார்த்த வாசல், இரண்டு ஜன்னல், சுண்ணாம்புப் பூச்சின் குளிர்ச்சி. லிசா வந்து படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பினாள். பங்குச்சாமியார் வந்து மந்திரித்துவிட்டுப் போனார். நல்ல வீடு என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். நல்ல வீடுதான், அதில் பொய்யில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு மதியம் மழை பிடித்துக்கொண்டது. செலின் தாழ்வாரத்துக்கு வந்து நின்றாள். எதிரே நாச்சம்மாள் லைட் போடாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான்கு பக்கத்து ஓடுகளிலிருந்தும் தண்ணீர் தொட்டிக்குள் கொட்டியது. கட்டில் கிடந்த இடத்திலும் பெய்தது. வீடு கிடைத்துவிட்டது என்று சூசைநாதனிடம் இன்னும் சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரிக் கதை சொல்லப் புது அறைகளில் இரண்டு மூன்று தரம் வாயெடுத்துப் பார்த்திருந்தாள். அவர் வந்தறியாத அறைகள், வார்த்தை வரவில்லை. வாடகைக்கு இருந்த காலமெல்லாம் சொந்த வீட்டுக்கு ஏங்கினவள், சொந்த வீட்டில் நின்றுகொண்டு அந்தச் சாய்ந்த சுவருக்கும் ஷீட் கூரைக்கும் ஏங்கினாள்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினாள். கட்டிலின் தலைமாடு எங்கே இருந்தது என்று அவளுக்கு அடி கணக்காகத் தெரியும். அங்கே போய் நின்று, மேலே பார்த்து, உதடு அசையப் பேசினாள். நாச்சம்மாள் அடுப்படியிலிருந்து பார்த்தாள். நனைகிறீர்களே என்று கூப்பிட வாயெடுத்தவள், கூப்பிடாமல் வெங்காயத்தை நறுக்கினாள்.