ஆபீஸ் கம்ப்யூட்டரும் ஒரு புகார்க் கடிதமும்

எண்பதுகளின் பின்பாதியில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொடவே தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி பயந்தார். நான் பயப்படவில்லை. இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷம் அம்மாவோடு கூடை சுமந்து கொழுந்து எடுத்துவிட்டு, மலையடிவாரத்துத் தாப்பா டவுனில் டைப்பிங் படித்துத் தேறியவள் நான். ஒரு தடவை பார்த்த வேலையை மறுதடவை யாரிடமும் கேட்டதில்லை.

மேனேஜர் பினாங்குத் தமிழர்தான், ஆனாலும் அவரைத் துரை என்றே சொல்வோம். அவர் என்னை மூன்று மாதப் பரீட்சையில் ஆபீசில் உட்காரவைத்தார். கம்ப்யூட்டர் உருப்படியாக ஏதாவது செய்தால் நாற்காலி எனக்கு. இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் கீழேயுள்ள வேறு தோட்டத்துக்கு, நான் மறுபடியும் கொழுந்துக்கு. மூன்றாவது மாதம் முடிகிற வெள்ளிக்கிழமை தலைமை ஆபீஸ் ஆள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

தலைமை ஆபீசில் இருந்தது யூனிக்ஸ் என்ற முறையில் ஓடும் பெரிய கம்ப்யூட்டர். எங்களுடையது டாஸில் ஓடும் சின்னது. ஒன்றின் கட்டளை மற்றதற்குப் புரியாது. அதனால் கோலாலம்பூரிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்து, யூனிக்ஸ் மாதிரியே நடந்துகொள்ளும் ஒரு புரோகிராமை எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஒரு கட்டளை அடித்தால் அதற்குள் போகலாம். இன்னொன்று அடித்தால் வெளியே டாஸுக்கு வந்துவிடலாம். உள்ளே ஒரு சின்னக் கணினி மொழியையும் ஏற்றிவைத்தார். எந்தப் பீல்டில் எந்த நாள் கொழுந்து எடுப்பது என்று பட்டியல் போடும் புரோகிராம் தொகுப்பு பிறகு தபாலில் வரும், அதை அந்த மொழியோடு சேர்த்துவிட்டால் போதும் என்றார். தாப்பா ரோட்டு வளைவுகளில் வாந்தி எடுத்து வெளுத்துப்போன முகத்தோடு வந்த மனிதர், வேலையை மட்டும் சுத்தமாகச் செய்தார். போகும்போது, “வேற எதையும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொடாமல் இருக்க என்னால் முடியுமா? மறுநாளே அவர் விட்டுச்சென்ற டிஸ்குகளை எடுத்து, பழகிப் பார்க்கலாம் என்று அதே மொழியை வெளியே டாஸிலும் ஒரு தடவை ஏற்றினேன். ஏறிவிட்டது. எனக்குத் தலை கால் புரியவில்லை.

தொகுப்பு வந்தது அந்தக் கடைசி வாரத் திங்கட்கிழமை. நான்கு டிஸ்க். ஒவ்வொன்றாகப் போட்டேன். “வெற்றிகரமாக ஏற்றப்பட்டது” என்று திரையில் ஆங்கிலத்தில் வந்தது. உள்ளே போய்ப் பட்டியல் கேட்டேன். அப்படி ஒரு தொகுப்பே இல்லை என்றது. வெளியே வந்து மறுபடி ஏற்றினேன். ஏறிவிட்டது என்றது. உள்ளே போனேன். இல்லை என்றது. செவ்வாய்க்கிழமை மாலைக்குள் ஆறு தடவை இப்படி ஏற்றியிருப்பேன். ஆறு தடவையும் அதே இருக்கு, அதே இல்லை. கம்ப்யூட்டரைக் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது.

கோலாலம்பூருக்குப் போன் போட்டேன். துரையும் பெரிய கிராணியும் பக்கத்தில் நின்றார்கள். டெக்னீஷியன் பொறுமையாகக் கேட்டார்.

“நான் போனதுக்கப்புறம் வேற ஏதாச்சும் போட்டீங்களா, மிஸ்?”

“நான் ஒன்னும் தொடல லா. நீங்க போட்டதுதான் அப்படியே இருக்கு.”

யோசிக்காமல் வாயில் வந்தது அது. துரை முன்னால் கெட்டிக்காரியாக நிற்க வேண்டும், அவ்வளவுதான் அப்போது மனதில் இருந்தது.

புதன்கிழமை காலை பெரிய கிராணி ஒரு கடிதம் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். அந்த டெக்னீஷியன் சரியாக ஏற்றாமல் போய்விட்டார், எங்கள் வேலை கெட்டது, இனிமேல் அவரை அனுப்ப வேண்டாம் என்று அவருடைய கம்பெனிக்குப் புகார். “தொரை நாளைக்கி சைன் வெச்சாருன்னா அந்த ஆளு வேல காலி” என்றார் கிராணி. உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. பழி என் தலையில் விழவில்லையே.

அன்று மாலை வீட்டில் ஒரு சண்டை. எங்கள் தொழிலாளர் லயத்தில் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டியவை. முன் வரிசையிலும் ஒன்பதாம் நம்பர் உண்டு, பின் வரிசையிலும் உண்டு. முன் ஒன்பது நாங்கள். பின் ஒன்பதில் இருந்த அக்காவின் மகன் சிங்கப்பூரில் வேலை பார்த்தான். இரண்டு வாரமாகக் கடிதமே வரவில்லை என்று அந்த அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டேன் என்று சத்தியம் செய்தார் ஆபீஸ் பியூன். அன்றைக்கு வீட்டைக் கூட்டும்போது அந்தக் கடிதம் எங்கள் ரேடியோவுக்கு அடியில் கிடந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு வந்தது என்று நினைத்துச் செருகிவிட்டு மறந்துபோயிருக்கிறார்.

கூப்பிட்டு நீட்டியதும் அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டு கத்தினார். எனக்கும் கோபம் வந்தது.

“என்னக்கா கத்துறீங்க? பியூன் பொய் சொல்லல. கடுதாசி ஒன்பதாம் நம்பருக்குத்தான் வந்திருக்கு. ஒங்க ஒன்பதுக்கு வரல, அவ்ளோதான்!”

சொல்லி வாய் மூடவில்லை, எனக்குக் குப்பென்று வேர்த்தது. அந்த மொழி என் கம்ப்யூட்டரிலும் இரண்டு இடத்தில் இருந்தது. வெளியே நான் ஏற்றியது ஒன்று, உள்ளே அவர் ஏற்றியது ஒன்று. நான்கு டிஸ்க்கும் ஆறு தடவையும் வெளியே இருந்ததில் போய் உட்கார்ந்துகொண்டன. உள்ளே இருந்தது தன் இடத்தில் தேடிப் பார்த்து இல்லை என்றது. இரண்டும் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான் ஒருத்திதான்.

வியாழன் காலை எல்லாருக்கும் முன்னால் ஆபீசைத் திறந்தேன். வெளியே நான் ஏற்றியதை அடியோடு அழித்தேன். உள்ளே போய், அங்கிருந்தபடியே நான்கு டிஸ்க்கையும் ஏற்றினேன். பட்டியல் கேட்டேன். பிரிண்டர் கறகறவென்று பீல்டு பீல்டாக அடித்துத் தள்ளியது. கை தட்டிச் சிரித்தேன், தனியாக.

சிரிப்பு அடங்கியபோது துரையின் மேசையில் அந்தக் கடிதம் கண்ணில் பட்டது. பேசாமல் இருந்துவிடலாம். இன்னொரு தடவை போட்டேன், ஏறிவிட்டது என்று சொன்னால் நம்பாதவர் யார்? நாற்காலி எனக்கு. வாந்தி எடுத்துக்கொண்டே மலையேறி வந்து ஒழுங்காக வேலை பார்த்தவருக்கு வீட்டுக்கு வழி. கிராணி வந்ததும் அவரிடம் சொன்னேன். அவர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

“ஓடுதுல்ல? அப்புறம் எதுக்கு லா இதெல்லாம் சொல்லிக்கிட்டு? லெட்டர் அது பாட்டுக்குப் போவட்டும்.”

எனக்கு அது ஒத்துவரவில்லை. நல்லவள் என்பதால் அல்ல. என் கெட்டிக்காரத்தனம் இன்னொருத்தர் வயிற்றில் அடித்து நிற்பதா என்ற ரோஷம். துரை வந்து பேனாவைத் திறந்ததும் எதிரே போய் நின்றேன்.

“சார், அதுல சைன் பண்ணாதீங்க.”

“ஏன், தப்பா டைப் பண்ணிட்டியா?”

“டைப்பிங் சரி சார், விஷயம்தான் தப்பு. அவரு சரியாத்தான் போட்டுட்டுப் போனாரு. நான்தான் வெளிய இன்னொன்னு போட்டு வெச்சிருந்தேன். சாமானெல்லாம் அங்க போயிருச்சு. இப்ப சரி பண்ணிட்டேன்.”

“போன்ல ஒன்னும் தொடலன்னு சொன்னியே?”

“பொய் சொன்னேன் சார்.”

கிராணி தலையில் கை வைத்துக்கொண்டார். துரை கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். பிறகு, “பேப்பர் எடு” என்றார். தலைமை ஆபீசுக்கு ஒரு கடிதம் சொன்னார். இந்தப் பெண் அனுமதியில்லாமல் கை வைத்தாள், கேட்டபோது மறைத்தாள், ஆகவே இவளுடைய பரீட்சைக் காலம் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறது. என் தண்டனையை நானே டைப் செய்தேன். கண் கலங்கியது, ஆனால் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை.

கையெழுத்துக்கு நீட்டினேன். துரை படித்துக்கொண்டே வந்து அடியில் நின்றார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“நான் சொல்லாத ஒரு வரி இருக்கே. கோளாற இவளே கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டான்னு.”

“அதுவும் உண்மைதானே சார்?”

அவர் பேனாவைத் திறந்தார். அந்த வரியைக் கோடு போட்டு அடிக்காமல் கையெழுத்துப் போட்டார்.