பாடாங்கில் இல்லாத மரம்

மாமனார் வீட்டோடு இருக்கும் மருமகனுக்கு மரியாதை கொஞ்சம் குறைச்சல்தான். இருந்த கொஞ்சத்தையும் கெடுத்துக்கொள்வதற்கென்றே நான் என் மனைவியின் தம்பியிடம் சிலம்பம் கற்கப் போனேன்.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருடம் அது. கடற்கரையோரப் பாடாங் மைதானத்தில் நடக்கும் கொண்டாட்டத்தில் சிலம்பம் ஆட எங்கள் காஜா பேராங் பகுதியிலிருந்து ஓர் அணி போவதாக முடிவானது. வாத்தியார் என் மைத்துனன். என்னைவிட இளையவன், ஆனால் கம்பு அவன் கையில் பேசும். நான் உஜோங் பாசிர் போகும் பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் கிழிக்கும்போதே, பாடாங்குக்கு வந்து என் ஆட்டத்தைப் பார்க்கும்படி எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். வீட்டிலும் தாராளமாக அளந்துவிட்டேன். மனைவி மட்டும், "கண்ணக் குத்திக்காம வந்தா சரி," என்றாள்.

பயிற்சி மாமனார் வீட்டு முற்றத்தில். ஒடுக்கமான இடம், நட்டநடுவில் ஒரு ரம்புத்தான் மரம். கம்பைச் சுற்றிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வருவோம். மைத்துனன் ஓரமாக நின்று கத்துவான். ஆரம்பத்தில் என் கம்பு என் காதையே தேடித் தேடி அடித்தது. "மச்சான், எதிராளி முன்னால நிக்கிறான், உங்க காதுக்குள்ள இல்ல!" என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதே கம்பால் அவனை நாலு போடலாம் என்றால், போடத் தெரிய வேண்டுமே.

ஒருவழியாகக் காது தப்பித்தது. கொண்டாட்டம் நெருங்கியதும் ஒத்திகைக்குப் பாடாங் போனோம். பரந்த புல்வெளி, கடற்காற்று. வரிசையாக வந்தோம். பாதி வழியில் முதல் ஆள் வலப்பக்கம் ஒரு துள்ளுத் துள்ளி, வளைந்து போய், மறுபடி நேரானான். அவனுக்குப் பின்னால் வந்தவனும் அப்படியே. நானும் அப்படியே. மைத்துனன் தலையில் கை வைத்துக்கொண்டான். திரும்ப வரச் சொன்னான், திரும்பவும் துள்ளினோம். ஏன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய, பக்கத்துக் கிராமத்துச் செட்டி ஒருவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலுக்குத் தவறாமல் வருவார், தமிழ் பேச வராது, மலாய்தான். அவர் மெதுவாகக் கேட்டார்: "சினி டுலு அடா போக்கோக் கா?" இங்கே முன்பு மரம் ஏதும் இருந்ததா என்று கேட்கிறார்!

முற்றத்து ரம்புத்தான் மரம் நினைவுக்கு வர, வயிறு வலிக்கச் சிரித்தோம். மைத்துனன் சிரிக்கவில்லை. "மரத்த மறந்துட்டு நேரா வாங்க லா!" என்றான். மற்றவர்கள் சில சுற்றில் திருந்திவிட்டார்கள். என் கால் மட்டும் மரத்தை விடுவதாக இல்லை. கடைசியில் அவன் சொன்னான்: "ஞாயித்துக்கெழமை ஒத்திகையிலயும் துள்ளுனீங்கன்னா ஆட வேணாம் மச்சான். கம்புக் கட்ட தூக்கிட்டு வாங்க, போதும்."

பஸ்ஸில் ஏறியவர்கள் அத்தனை பேரும் பார்க்க, நான் கம்பு தூக்குவதா? அன்றிலிருந்து வேலை முடிந்ததும் காக்கிச் சட்டையோடு பாடாங்குக்குப் போய், குனிந்த தலை நிமிராமல் நேர்க்கோட்டில் நடந்தேன். எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு பேர் கூடவே தேட ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் துள்ளவில்லை. மைத்துனன் "ம்" என்றான். அவனிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

கொண்டாட்டத்தன்று மாலை, வாத்தியார் என்பதால் அவன் முதலில் வந்தான், அடுத்து நான். மனைவியும் மாமனாரும் கூட்டத்தின் முன்னால் நின்றார்கள். நேராக, நேராக என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். பாதி வழியில் மைத்துனன் துள்ளினான். வளைந்து சுற்றி அவன் வரிசைக்குத் திரும்பியபோது அவனுடைய இடத்தில் நான் போய்க்கொண்டிருந்தேன். கம்புகள் மோதின. அவனுடையது புல்லில் விழுந்தது. கூட்டம் அதையும் ஆட்டம் என்று நினைத்துக் கை தட்டியது. ஓரமாக நின்று எங்களைத் திருத்தியவன், அந்தப் புல்லில் ஒரு தடவைகூடத் தான் ஆடிப் பார்த்ததில்லை.

மறுநாள் பகல் முழுக்க அவன் என் கண்ணிலேயே படவில்லை. சாயங்காலம் வந்து தரையைப் பார்த்துக்கொண்டே, "மச்சான், பாடாங்குக்கு வரீங்களா? நான் ஆடறேன், நீங்க காலப் பாத்துச் சொல்லுங்க," என்றான்.

எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்த பதில்கள் நாக்கு நுனிவரை வந்தன. அவன் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. கூடவே போனேன். புல்லில் உட்கார்ந்தேன். அவன் கம்பைச் சுற்றிக்கொண்டு வந்தான், துள்ளினான், மூச்சு வாங்க நின்று, "இப்ப சரியா?" என்றான்.

"இன்னொரு தடவ வா, பாப்போம்," என்றேன். உண்மையைச் சொல்ல எனக்கு ஓர் அவசரமும் இல்லை.